கண்ணாடியை வைத்தவள்

இன்று காலை ஜெராக்ஸ் கடையில் நம்முடைய விளக்கின் வாசனை வந்தது. இடி இடித்து ஓய்ந்த பிறகு காற்றில் வருமே, மூக்கின் உச்சியில் லேசாகக் குத்தும் அந்த வாசனை. காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் அந்தக் கடையில் இன்னமும் பழைய மெஷின்தான். கடைக்கார அம்மா மூடியைத் தூக்கியதும் வாசனை முகத்தில் வந்து மோத, நான் என்னையறியாமல் கையை நீட்டி, "கண்ண மூடிக்கோடி" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். ஒரு மாதிரியாகப் பார்த்தார். மன்னித்துக்கொள்ளுங்கள், வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

என் கையில் இருந்தது நம்முடைய டெமோ நோட்டு. கருநீல அட்டை, சிவப்புத் துணி முதுகு, அட்டையின் மேல் உன் முத்து முத்தான எழுத்து. ஒரு பக்கத்தில் காவ்யா மஞ்சள் சீட்டு ஒட்டிக் கொடுத்திருந்தாள். காவ்யாவை நீ மறந்திருக்க மாட்டாய். முதல் பெஞ்சில் உட்கார்ந்து, கேள்வி முடிவதற்குள் பதிலைச் சொல்லிவிட்டு, "முதல்ல பாரு, அப்புறம் பேசு" என்று உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பெண். இன்றைக்கு அவள்தான் நம் இயற்பியல் பிரிவின் தலைவி. பழைய ஆய்வுக்கூடத்தைக் காலி செய்துவிட்டு இரண்டாவது மாடியில் புதிதாக ஒன்று கட்டியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை திறப்பு. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவரில், உன்னுடைய 'கண்ணாடிச் சோதனை'யை, நீ எழுதிய அதே பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டப்போகிறாளாம். அந்தச் சோதனை உனக்கு எப்படித் தோன்றியது என்று நான்கு வார்த்தை பேச நான் வர வேண்டுமாம். வைட்ஃபீல்டில் மகனுடைய ஃப்ளாட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என்னை இதற்காகவே வரவழைத்திருந்தாள். அவளுக்கு அடுத்த வகுப்பு இருந்ததால், பிரதி எடுக்கும் வேலையை நானே வாங்கிக்கொண்டேன்.

உனக்கு எப்படித் தோன்றியது என்று எனக்குத் தெரியும். இந்த உலகத்தில் இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். உனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நான் சொதப்பினேன், நீ சமாளித்தாய். இதை வெள்ளிக்கிழமை சொல்வதா வேண்டாமா என்பதுதான் இரண்டு நாளாக என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி. சொன்னால், உன் பெயர் சொல்லும் சோதனையில் கீறல் விழும். சொல்லாவிட்டால், உன் பெயர் எழுதிய சுவருக்கு முன்னால் நின்று நான் பொய் சொன்னதாகும். அதுவும் உன் ஆய்வுக்கூடத்தில்.

நாம் இருவரும் அந்தக் கல்லூரியில் ஒரே வருடம் சேர்ந்தோம். நீ காக்ஸ் டவுன்காரி, இங்கேயே பிறந்து வளர்ந்தவள், பெண்களையும் "மேன்" என்று கூப்பிடுகிறவள். நான் வாணியம்பாடியிலிருந்து கல்யாணமாகிப் பெங்களூருக்கு வந்தவள். ஸ்வெட்டரைக் கழற்றவே பயப்படுகிறவள். முதல் மாதம் நீ பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை, நான் பேசியதற்கெல்லாம் நீ சிரித்தாய். ஆனால் இரண்டு பேரும் ஒரே பாடத்தை ஒரே மாதிரி நடத்திக்கொண்டிருந்தோம். ஒளிமின் விளைவு. உலோகத்தின் மேல் ஒளி படுகிறது, எலக்ட்ரான் தெறித்து வெளியே வருகிறது. ஒளி வெறும் அலை என்றால் இதை விளக்க முடியாது, அது துகளாகவும் இருந்தாக வேண்டும். இதைப் படம் போட்டு, சமன்பாடு எழுதி, தேர்வுக்கு வரும் கேள்வி என்று அடிக்கோடிட்டு, வருடா வருடம் ஒப்பித்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் நீ வகுப்பு முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்து சாக்பீஸை மேசையில் போட்டாய். ஒரு மாணவி உன்னிடம், மேடம் நீங்கள் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறாள். இல்லை என்று நீ சொல்லியிருக்கிறாய். வேறு யாராக இருந்தாலும் மழுப்பியிருப்பார்கள். நான் நிச்சயம் மழுப்பியிருப்பேன்.

"பதினோரு வருஷமா பார்க்காத ஒன்ன பார்த்த மாதிரி சொல்லிட்டு இருக்கோம் மேன்," என்றாய். "வெக்கமா இல்ல?"

எனக்கு அதுவரை வெட்கமாக இல்லை. நீ கேட்ட பிறகு வந்துவிட்டது.

அலமாரியின் அடித்தட்டில் ஒரு தங்க இலை மின்காட்டி கிடந்தது. கண்ணாடிக் குடுவைக்குள் பித்தளைக் கம்பி, கம்பியின் நுனியில் மெல்லிய தங்க இலை. மின்னூட்டம் கொடுத்தால் இலை விரிந்து நிற்கும், மின்னூட்டம் போய்விட்டால் தொப்பென்று படிந்துவிடும். அதன் தலையில் ஒரு துத்தநாகத் தகட்டை வைத்து, பிளாஸ்டிக் குழாயைக் கம்பளியில் தேய்த்து எதிர்மின்னூட்டம் கொடுத்து, தகட்டின் மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்ச வேண்டும். எலக்ட்ரான்கள் வெளியேறினால் இலை விழும். கேட்பதற்கு இவ்வளவுதான். கம்பளிக்கு உன் அப்பாவின் மங்கி குல்லாவைக் கொண்டுவந்தாய், அவர் அந்த டிசம்பர் முழுவதும் காதில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு அலைந்தார். புற ஊதாக் கதிருக்குத் தெருவிளக்கில் போடுகிற பாதரச பல்பு வாங்கினோம். அதன் வெளிக் கண்ணாடி கதிரைத் தடுத்துவிடும், அதை உடைத்து உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் குழாயை மட்டும் எடுக்க வேண்டும். உன் வீட்டுப் பின்புறம், பட்டர் ஃப்ரூட் மரத்தடியில், பழைய துண்டில் பல்பைச் சுற்றி நீ சுத்தியலால் தட்ட, நான் பத்தடி தள்ளி நின்று காதைப் பொத்திக்கொண்டேன். இரண்டு பல்புகள் வீணாயின. மூன்றாவது தப்பியது. அதை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, பக்கத்தில் ஒரே ஒரு ஓட்டை போட்டு, அந்த ஓட்டை தகட்டைப் பார்க்கும்படி வைத்தோம்.

முதல் மூன்று நாட்கள் இலை அசையவே இல்லை. தகட்டின் மேல் படிந்த துரு மாதிரியான பூச்சை உப்புத்தாளால் தேய்த்தெடுக்க வேண்டும், அதுவும் அப்போதைக்கப்போது தேய்க்க வேண்டும் என்று நான்காவது நாள்தான் நமக்கு உறைத்தது. நான் தேய்த்தேன். நீ விளக்கைப் போட்டாய். அந்த வாசனை வந்தது. இலை கொஞ்சம் தயங்கி, மெல்ல மெல்ல இறங்கி, கம்பியோடு ஒட்டிக்கொண்டது. விளக்கை அணைத்து மறுபடியும் மின்னூட்டம் கொடுத்தோம், மறுபடியும் இறங்கியது. நாற்பது வயதை நெருங்கிய இரண்டு பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் குதித்தோம். பிறகு பக்கத்து பேக்கரிக்குப் போய் ஆளுக்கு இரண்டு கார பன் தின்றோம். நான் அவ்வளவு சந்தோஷமாக எதையும் தின்றதில்லை, என் கல்யாண விருந்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்த நோட்டு. தகட்டைத் துடைப்பது என் வேலை, எழுதுவது உன் வேலை. என் எழுத்து கோழி கிறுக்கியது போல இருக்கும் என்பதால் நீ என்னிடம் பேனாவையே கொடுத்ததில்லை. உன் சட்டங்கள் உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், எழுதும்போது உன் குரல் கேட்கிறது. கண்ட அளவைத்தான் எழுத வேண்டும், வர வேண்டிய அளவை எழுதக் கூடாது. தப்பாகிவிட்டால் அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. "ஒரே ஒரு கோடு. கீழ இருக்கறது படிக்க முடியணும்." பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். திருத்தத்துக்கு மட்டும் இரண்டு கையெழுத்து, ஏனென்றால் தனியாக இருக்கும்போது மனிதர்களுக்குத் தங்களுக்குச் சாதகமாகத் திருத்தத்தான் தோன்றும் என்பாய். மாணவிகள் உன்னை ஒற்றைக்கோடு மேடம் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அது உனக்குத் தெரியும், உள்ளூரப் பெருமையும் உண்டு.

இனி கண்ணாடிக்கு வருகிறேன்.

கண்ணாடி வந்ததற்கு முந்தைய வருடம் உனக்குக் கண் வீங்கியதே, அங்கிருந்துதான் ஆரம்பம். விளக்கு எரியும்போது ஓட்டைக்கு நேராகக் குனிந்து எதையோ சரி செய்தாய். மறுநாள் கண்ணில் மணலைக் கொட்டியது போல இருக்கிறது என்று திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாய். நான்தான் ஆட்டோவில் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஒன்றுமில்லை, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார். சரியாகியும் விட்டது. ஆனால் நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கியதை என்னால் மறக்க முடியவில்லை. அதிலிருந்து விளக்கைப் போடும் முன்பெல்லாம் "கண்ண மூடிக்கோடி" என்பது என் வாயில் ஒட்டிக்கொண்டது.

அடுத்த மார்ச்சில் பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேர் குழு வந்தது. நம் பிரிவில் சேரும் பெண்கள் குறைந்துவிட்டார்கள், ஆய்வுக்கூடத்தை எடுத்துக் கம்ப்யூட்டர் அறையாக்கிவிடலாமா என்று பார்க்க வந்தார்கள். பிரிவு மூடப்பட்டால் மிச்சமிருக்கும் பெண்கள் வேறு பாடத்துக்கோ வேறு கல்லூரிக்கோ போக வேண்டும், நம் இரண்டு பேரையும் எங்கே தள்ளுவார்களோ தெரியாது. குழுத் தலைவர் வணிகவியல் பேராசிரியர். நல்ல மனிதர், கன்னடத்தில் தன்மையாகப் பேசினார், ஆனால் இயற்பியலை விட்டு விலகிப் போய்ப் பல வருடங்கள் ஆனவர். அவருக்கு ஒரே ஒரு சோதனை காட்டலாம், அது இலை விழும் சோதனையாக இருக்கட்டும் என்று நீ முடிவு செய்தாய்.

அன்று காலை நீ முதல்வர் அறையில் இருந்தபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இந்த மனிதர் ஆர்வத்தில் குனிந்து ஓட்டைக்குள் பார்ப்பார். உனக்கு ஆனது அவருக்கும் ஆனால் பிரிவு அன்றைக்கே காலி. ஆகவே, படத்துக்குச் சட்டம் போடும் கடையில் வெட்டி வாங்கிய ஒரு கண்ணாடித் துண்டை ஓட்டையின் மேல் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டினேன். துடைப்பது என் வேலையாயிற்றே, துடைத்தேன். அங்கே கண்ணாடி இருப்பதே தெரியாத அளவுக்குத் துடைத்தேன். பல்பின் வெளிக் கண்ணாடியை எதற்காகச் சுத்தியலால் உடைத்தோமோ, அதே கண்ணாடியை நானே திரும்பக் கொண்டுவந்து வைக்கிறேன் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. பதினெட்டு வருடம் இயற்பியல் நடத்தியவள் நான்.

மூன்று பேரும் வந்து உட்கார்ந்தார்கள். நீ மின்னூட்டம் கொடுத்தாய், இலை விரிந்தது. விளக்கைப் போட்டாய். இலை அப்படியே நின்றது. நீ புன்னகை மாறாமல் தகட்டை எடுத்து என்னிடம் கொடுத்தாய், நான் உப்புத்தாளால் தேய்த்துத் தந்தேன். இலை நின்றது. குல்லாவை மாற்றித் தேய்த்தாய். நின்றது. தலைவர் ஏனாயித்து மேடம், என்ன ஆயிற்று என்று கன்னடத்தில் கேட்டார். கோபமாக அல்ல, பாவம் என்பது போல. பிறகு அவரே உதவிக்கு வந்தார். விளக்கு சின்னதாக இருக்கிறது, இன்னும் பெரிய வெளிச்சம் ஏதாவது இருந்தால் போட்டுப் பாருங்களேன் என்றார். ஆண்டு விழா நாடகத்துக்கு வைத்திருந்த ஐந்நூறு வாட் ஹாலோஜன் மூலையில் இருந்தது. மரியாதைக்காக அதையும் தூக்கி வைத்துப் போட்டாய். அறை முழுக்க வெள்ளையடித்தது போலானது, என் கழுத்தில் வியர்வை வழிந்தது. இலை நின்ற இடத்தில் நின்றது. மூன்றாவது ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது நீ மூக்கை உறிஞ்சினாய். உறிஞ்சிவிட்டு நெற்றியைச் சுருக்கினாய். வாசனை வரவில்லை. விளக்கு எரிகிறது, ஆனால் வாசனை வரவில்லை. நீ கண்ணை இறுக்க மூடிக்கொண்டு டின்னுக்கு அருகில் குனிந்து, ஓட்டை இருக்கும் இடத்தில் விரலை வைத்தாய். விரல் கண்ணாடியில் தட்டியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாய்.

"மேடம்," என்றாய்.

மற்றவர்கள் முன்னால் நாம் மேடம் போட்டுத்தான் பேசுவோம். ஆனால் அந்த மேடத்தில் நீ எனக்குத் தெரிந்த எல்லா வசவையும் அடக்கிவிட்டாய். எனக்கு அப்போதுதான் புரிந்தது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன், நாமே நம் பிரிவை மூடிவிட்டோம் என்று நினைத்தேன்.

நீ திரும்பி தலைவரிடம், ஏதோ இத்தனை நேரம் இதற்காகவே காத்திருந்தவள் போல, கணீரென்று பேச ஆரம்பித்தாய். சார், ஐந்நூறு வாட் வெளிச்சத்தில் இந்த இலை விழவில்லை, பார்த்தீர்கள் அல்லவா? இப்போது அந்தப் பெரிய விளக்கை அணைக்கிறேன். இந்தச் சின்ன விளக்குக்கு முன்னால் ஒரு கண்ணாடி இருக்கிறது. எல்லோரும் பக்கவாட்டில் நில்லுங்கள். நீங்கள் உங்கள் கையால் அதை எடுங்கள். அவர் எழுந்து வந்து, டேப்பை நகத்தால் சுரண்டி, கண்ணாடியை எடுத்தார். வாசனை குப்பென்று வந்தது. இலை அவர் கண் முன்னால் சரசரவென்று இறங்கியது. அவர் நம்பாமல் மறுபடி மின்னூட்டம் கொடுக்கச் சொல்லி, இலை பாதி இறங்கும்போது கண்ணாடியை உள்ளே நுழைத்தார். இலை பாதியில் நின்றது. எடுத்தார், இறங்கியது. ஐந்து தடவையாவது செய்திருப்பார். கைக்கடிகாரத்தைப் பார்த்த ஆள், நானும் ஒரு தடவை என்று கேட்டு வாங்கிச் செய்தார்.

பிறகு நீ சொன்னாயே ஒரு விளக்கம், அதை இன்றுவரை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. எங்கள் வீட்டில் பட்டர் ஃப்ரூட் மரம் இருக்கிறது சார், ஆயிரம் பேர் நின்று பஞ்சை உருட்டி எறிந்தாலும் ஒரு காய் விழாது, ஒரு கல் பட்டால் விழும் என்றாய். அந்தப் பெரிய விளக்கு ஆயிரம் பஞ்சு. இந்தச் சின்ன விளக்கில் கற்கள் இருக்கின்றன, கண்ணாடி அந்தக் கற்களை மட்டும் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒளி அலையாக மட்டும் இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட அது சேர்ந்து சேர்ந்து என்றைக்காவது எலக்ட்ரானைத் தள்ளியிருக்கும். அப்படி நடக்கவில்லை. ஒளி ஒவ்வொரு துகளாக வருகிறது, ஒரு துகள் ஒரு எலக்ட்ரானை அடிக்கிறது, அந்த ஒரு அடி போதுமானதா இல்லையா என்பதுதான் கணக்கு. வணிகவியல்காரர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். படிக்கிற காலத்தில் எனக்கு இதை யாரும் இப்படிச் சொல்லவில்லையே என்றார்.

கிளம்பும்போது அவர் கேட்டார், அந்தக் கண்ணாடியை வேண்டுமென்றேதான் வைத்தீர்களா என்று. நீ ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாய். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது.

"எஸ் சார்," என்றாய்.

பிரிவு பிழைத்தது. ஆய்வுக்கூடத்துக்குப் புதிய மேசைகள்கூட வந்தன. ஆனால் அன்று மாலை ஆட்டோவில் நீ வெளியே பார்த்துக்கொண்டே வந்தாய். நான் பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டேன். சிக்னலில் நின்றபோது, "கண்ணாடி வெச்சது பரவால்ல விடு," என்றாய். "நான் இன்னிக்கு ரீடிங்க மாத்தி சொல்லிட்டேன் மேன்." அதன் பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை, எடுக்கவும் விடவில்லை. ஒரு மாணவி எடுத்த அளவுகள் கொஞ்சம் கச்சிதமாக இருந்தாலே சந்தேகப்பட்டு மறுபடி செய்யச் சொல்கிறவளை, என்னைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்ல வைத்துவிட்டேன். அந்த உறுத்தல் என்னைவிட்டுப் போகவே இல்லை.

மறு வருடத்திலிருந்து கண்ணாடியை நாம் வேண்டுமென்றே வைத்தோம். முதலில் பெரிய விளக்கு, ஏமாற்றம், பிறகு கண்ணாடியை எடுப்பது, பெண்களின் கூச்சல். மற்றக் கல்லூரிகளிலிருந்து பார்க்க வந்தார்கள். உன் கண்ணாடிச் சோதனை என்று பெயரே வந்துவிட்டது. யாராவது பாராட்டும்போது நான் வாயைத் திறந்தால், மேசைக்கடியில் உன் செருப்பு என் காலை மிதிக்கும்.

கடைசியாக உன்னைப் பார்த்தது போன வருடம், உன் வீட்டில். ஜன்னலோரம் கட்டிலைப் போட்டிருந்தார்கள். வெயில் உன் போர்வையில் விழுந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு, ஜன்னல் மூடியிருக்கு, இந்த வெயில்ல நம்ம தங்க இலை அசையாது என்று சிரித்தாய். சிரித்தால் இருமல் வந்தது, இருமலை நிறுத்த மறுபடி சிரித்தாய். கொஞ்ச நேரம் கழித்து, "டெமோ நோட்ட எப்பவாவது திருப்பிப் பார்த்தியா?" என்று கேட்டாய். அதில் பார்க்க என்ன இருக்கிறது, நானும்தானே கூட இருந்தேன் என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டு உனக்குள் சிரித்துக்கொண்டாய். மருந்து மயக்கம் என்று நினைத்தேன்.

இன்று காலை ஜெராக்ஸ் கடையில் அந்த அம்மா பிரதியை என் கையில் கொடுத்தார். பஸ்ஸில் நின்றபடி வந்ததால் அதுவரை நான் பக்கத்தைப் பிரிக்கவே இல்லை. மேலே ஆங்கிலத்தில் தலைப்பு, டின், தகடு, இலை எல்லாம் போட்ட படம், ஹாலோஜன் போட்டபோது இலை நின்றது, கண்ணாடியை எடுத்தபோது விழுந்தது என்ற குறிப்புகள். குழு வந்த நாளின் பக்கம். கடைசியில் மட்டும் இரண்டு வரி தமிழில். காவ்யா கன்னடப் பெண், அவளுக்கு அது வெறும் கையெழுத்து அலங்காரமாகத் தெரிந்திருக்கும். உன் தமிழை எனக்குத் தெரியாதா, சர்ச்சில் உட்கார்ந்து படித்த தமிழ், எழுதினால் பிரசங்கம் போல வரும்.

'கண்ணாடி திட்டமிட்டு வைக்கப்பட்டதல்ல, அது பிழை. கண்ணாடியை வைத்தவள் நானே.' கீழே உன் கையெழுத்து.

கடையிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஒரு பொய்யைத் திருத்துவதற்கு நோட்டை எடுத்தவள், திருத்தும்போதே இன்னொரு பொய்யை எழுதி வைத்திருக்கிறாய். நீ வாழ்நாளில் பதிவு செய்த ஒரே தப்பான ரீடிங். அதுவும் எனக்காக. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த அம்மா, பிரதி சரியா விழலையா, இன்னொண்ணு போடட்டுமா என்றார். ரொம்பச் சரியாக விழுந்திருக்கிறது என்றேன்.

மேலே உள்ளதைப் புதன்கிழமை எழுதி அப்படியே வைத்துவிட்டேன். இன்று சனிக்கிழமை. நேற்று நடந்ததைச் சொல்லாமல் இதை மூட முடியாது.

புதிய ஆய்வுக்கூடம் நன்றாக இருக்கிறது. சுவரில் உன் பக்கத்தின் பிரதி, அதற்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் நோட்டையே திறந்து வைத்திருந்தார்கள். எழுபது எண்பது பெண்கள். நான் பேச எழுந்ததும் பேசவில்லை, முதலில் செய்து காட்டினேன். பெரிய விளக்கு, இலை நின்றது. கண்ணாடியை எடுத்தேன், இலை விழுந்தது, கூச்சல் வந்தது. அதன் பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன். உன் கண் வீங்கியதிலிருந்து, நான் கண்ணாடியைப் பளபளவென்று துடைத்தது வரை. தமிழ் வரிகளையும் படித்து, காவ்யாவுக்காக ஆங்கிலத்தில் சொன்னேன். கீறல் விழும் என்று பயந்தேனே, ஒன்றும் விழவில்லை. பெண்கள் சிரித்த சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது. நீ வாசனை வரவில்லை என்று கண்டுபிடித்த இடத்தில் கை தட்டினார்கள், திட்டமிட்ட சோதனை என்று சொல்லியிருந்தால் அந்தக் கைதட்டல் வந்திருக்காது.

பிறகு காவ்யாவிடம் பெட்டியைத் திறக்கச் சொல்லி நோட்டை எடுத்தேன். ஒரு அளவுகோலை வைத்து, உன் கையெழுத்தின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தில் என் கோழிக் கிறுக்கலில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நம் நோட்டில் நான் பேனா பிடித்தது அதுதான் முதல் தடவை. மனது அவ்வளவு லேசாக இருந்தது.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள். முதல் வருடம், தொம்மலூரிலிருந்து வருகிற தமிழ்ப் பெண்ணாம். புதிய சுவரிலும் உன் சட்டங்களை எழுதிப் போட்டிருக்கிறார்கள், அதைக் காட்டினாள்.

"மேம், திருத்தத்துக்கு ரெண்டு கையெழுத்து வேணும்னு போட்டிருக்கே. ஒண்ணுதானே இருக்கு?"

காவ்யா தரையைப் பார்த்தாள். அந்தப் பெண் கேட்டது நியாயம். நீ இருந்திருந்தால் நீயும் அதைத்தான் கேட்டிருப்பாய். நான் நோட்டைப் பார்த்தேன். பிறகு அந்தப் பெண்ணை அருகில் கூப்பிட்டுப் பக்கத்தைக் காட்டினேன். அவள் குனிந்து, விரலை வைத்து, கோட்டுக்குக் கீழே இருந்த உன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்தாள். ஓர் எழுத்துகூட மறையவில்லை.

"ரெண்டு இருக்கு மேம்," என்றாள்.